கூப்பனும் கந்தையும்

கிழிந்த ஆடையைத் தைத்து உடுத்தல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. தையலைக் குறிக்கத் 'துன்னம்' என்றொரு சொல் பண்டைத் தமிழில் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாற் பெருவளத்தானைக் காணவந்த பொருநன் உடுத்தியிருந்தது, வேர்வையில் ஊறி, வேற்று நூல்கள் பலவிடத்தும் நுழைந்து கிடந்த கந்தல். அரசன் அதனைக் களைவித்து மெல்லிய புத்தாடை அளித்தான். துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரன்மேற் பாடிய 136 ஆம் புறப்பாட்டிலும் தையல் மலிந்த கந்தல் வருகிறது; அத்தையலின் இடுக்குகளிற் குடிகொண்ட பேன்களும் வருகின்றன. சிலப்பதிகாரப் புகார் நகரில் துன்னகாரர் தனித் தொழிலினராக வாழ்ந்தனர்.

இவை கிழிசலை அடைத்த கதைகள். பழைய உடையைப் பிரித்து, வெட்டி, வேறோர் உடையாக ஆக்கிக்கொள்வது வேறொரு கதை. முன்னதற்கு ஊசியும் நூலும் பொறுமையும் போதும். பின்னதற்குக் கைத்திறன் வேண்டும். அதற்கும் மேலாக ஒன்று வேண்டும். வெட்டுவதற்கு வலுவுள்ள பழந்துணி வீட்டில் இருக்க வேண்டும். இது சொல்லாமலே விளங்கும் செய்திபோல் தோன்றலாம். ஆயினும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் அரசாங்கமே பழந்துணியைப் புதுக்கும் கலையை மக்களுக்குக் கற்பித்த வரலாற்றைப் பாராட்டி எழுதுவோர் பலரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

அந்த அரசாங்கம் பிரிட்டனுடையது. 1941 ஆம் ஆண்டு சூன் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வாணிப அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் வானொலியில் பேசினார். அன்று முதல் துணிக்கும் காலணிக்கும் பங்கீடு என்று அறிவித்தார். முன்கூட்டித் தெரிந்தால் வசதியுள்ளோர் கடைகளை வழித்தெடுத்துவிடுவர் என்று அஞ்சிச் செய்தி இறுதிவரை மறைக்கப்பட்டிருந்தது. கடைகள் மூடிக் கிடக்கும் விடுமுறை நாளைத் தேர்ந்ததும் அதற்காகவே. தனிக் கூப்பன் அச்சிட்டாற்கூடச் செய்தி கசிந்துவிடும்; எனவே உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் எஞ்சியிருந்த மார்கரின் கூப்பன்களையே துணிக்குப் பயன்படுத்துமாறு கூறினர். பிரதமர் சர்ச்சிலுக்கு இத்திட்டத்தில் மனமில்லை என்பர். மக்களைக் கந்தலில் நடமாட விடுவது அவர்களுடைய ஊக்கத்தைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் வேறு வழியும் இல்லை. பஞ்சும் கம்பளி மயிரும் கடல் கடந்து வரவேண்டியவை. கப்பல்களோ உணவும் படைக்கலமும் சுமக்கப் போதவில்லை. ஆலைகளும் ஆட்களும் சீருடைக்கும் வெடிமருந்துக்கும் தேவைப்பட்டனர். போர் முடியுமுன் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் ஏதேனும் ஒரு சீருடை அணியும் உரிமை பெற்றிருந்தனர் என்றால் துணி எங்கே போயிற்று என்பது விளங்கும்.

தொடக்கத்தில் ஆள் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 66 கூப்பன். ஆடவர் கோட்டுக்கு 13, உள்ளே அணியும் கைகளில்லாச் சட்டைக்கு 5, கம்பளி முழுக்காற்சட்டைக்கு 8. ஆக ஒரு முழு உடுப்புக்கு 26 போய்விடும். ஆடவர் காலணிக்கு 7, பெண்டிர் காலணிக்கு 5. பெண்களின் கம்பளிக் கவுனுக்கு 11, ஓர் இணை காலுறைக்கு 2. கூப்பன் இருந்தால் துணி இலவசம் என்று கருதிவிடக் கூடாது. விலையும் கொடுக்க வேண்டும், கூப்பனும் கொடுக்க வேண்டும். 1942 இல் அந்த 66, 48 ஆகக் குறைந்தது. மிகக் கொடுமையான காலம் போர் முடிந்தபின் வந்தது. 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதத்திற்கு வழங்கப்பெற்றவை 24 கூப்பன்களே.

கூப்பன் இன்றி வாங்கத்தக்க பொருள்களின் பட்டியலும் முதல் நாளிலேயே வந்தது. தையல் நூல், கிழிசல் தைக்கும் கம்பளி நூல், மூன்று அங்குலத்திற்கு மேற்படாத நாடா, தொப்பி, விமானத் தாக்குதலின்போது சன்னல்களை மறைக்கும் கறுப்புத் துணி, பிறர் உடுத்துக் கழித்த பழைய உடைகள் ஆகியவை அதில் இருந்தன. பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அரசின் எண்ணம் தெரியும். புதுத் துணியின் வாயிலை அடைத்த கை, பழந்துணியின் வாயிலைத் திறந்து வைத்தது. சன்னலுக்கென வாங்கிய கறுப்புத் துணி எத்தனையோ வீடுகளில் பாவாடையாகவும் குழந்தைச் சட்டையாகவும் மாறிற்று.

1943 இல் வாணிப அமைச்சகத்தின் சார்பில் ஒரு சிறு நூல் வெளியாயிற்று. 'உள்ளதைக் கொண்டு ஒப்பேற்று, கிழிந்ததைத் தை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அப்போது அமைச்சராக இருந்த ஹியூ டால்டன் முன்னுரை எழுதினார். துணிப்பூச்சி அரிக்காமல் காப்பது, துவைப்பது, ஒட்டுப் போடுவது முதலியவை முற்பகுதியில் இருந்தன. உடையைப் பிரித்து வேறாக்கும் கலை பிற்பகுதியில் இருந்தது. ஊர்தோறும் மாலை வகுப்புகள் நடந்தன. 'தையல் அம்மை' என்று சொல்லத்தக்க ஒரு பொம்மைப் பெண் சுவரொட்டிகளில் நின்று இல்லத்தரசியரை அழைத்தாள்.

அவ்வகுப்புகளில் கற்பிக்கப்பெற்றவை பெரும்பாலும் பாட்டிமார் அறிந்திருந்தவையே. படுக்கை விரிப்பு நடுவில்தான் முதலில் நைந்துபோகும்; ஓரங்கள் வலுவாகவே இருக்கும். அதனை நீளவாட்டில் நடுவே கிழித்து, இரு ஓரங்களையும் உள்ளே கொணர்ந்து இணைத்துத் தைத்தால், நைந்த பகுதி ஓரத்துக்குப் போய்விடும். விரிப்புக்கு மேலும் சில ஆண்டு உயிர் உண்டு. சட்டைக் காலர் மடிப்பில் தேயும். அதைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் தேய்ந்த பக்கம் மறைந்துவிடும். திருப்பிய பக்கமும் தேய்ந்தால், கால்சட்டைக்குள் மறைந்து கிடக்கும் சட்டை வாலை வெட்டிப் புதுக் காலர் செய்துவிட்டு, வாலுக்கு எந்தக் கந்தையையாவது ஒட்டவைக்கலாம். அதைக் காண்பவர் இல்லை. பெரியவர் ஒருவர் குழிப்பந்தாட்டத்திற்கு அணிந்த தொளதொளத்த முழங்காற் சட்டையிலிருந்து பள்ளிச் சிறுவனுக்கு இரண்டு அரைக்கால் சட்டைகள் வெட்டலாம் என்று அந்நூல் கணக்குச் சொல்லிற்று.

கம்பளிப் பின்னலாடையைப் புதுக்குவது தனிக் கலை. பின்னல் முடிந்த இடத்தைக் கண்டுபிடித்து நூலை இழுத்தால் ஆடை முழுதும் ஒரே நூலாகக் கழன்று வரும். அந்த நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதனைச் சிட்டமாகச் சுற்றிக் கட்டி, வெந்நீரில் அலசி, எடை கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கும். பின்னர் வேறு அளவில், வேறு ஆளுக்குப் பின்னிக்கொள்ளலாம். முழங்கையில் தேய்ந்த தந்தையின் ஆடை இவ்வாறு மகனுக்கு ஆகும். மகனுடையது கைக்குழந்தையின் காலுறையாகும். ஒவ்வொரு முறையும் தேய்ந்த நூலைக் கழித்துவிடுவதால் ஆடை சிறுத்துக்கொண்டே வரும். குடும்பத்தின் வயது வரிசையும் ஆடையின் அளவு வரிசையும் இவ்வளவு பொருந்தி நடந்தது வேறெங்கும் இராது.

யாவற்றினும் கடினமானது கோட்டைப் புரட்டித் தைப்பது. கம்பளித் துணியின் வெளிமுகம் வெயிலாலும் உராய்வாலும் வெளுத்துப் பளபளக்கும். உள்முகம் புதிதாகவே இருக்கும். எனவே கோட்டின் ஒவ்வொரு தையலையும் பிரித்து, துண்டுகளைத் துவைத்துத் தேய்த்து, உள்முகம் வெளியே வருமாறு மீண்டும் தைப்பர். நல்ல கையாயின் புதுக் கோட்டுக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது. ஒன்று மட்டும் காட்டிக்கொடுக்கும். ஆடவர் கோட்டில் மார்புப் பை இடப்பக்கம் இருக்கும். புரட்டியபின் அது வலப்பக்கம் வந்துவிடும். கணவன் போருக்குச் சென்றிருக்க, அவனது கோட்டையும் முழுக்காற்சட்டையையும் பிரித்துத் தனக்கு மேலங்கியும் பாவாடையுமாகத் தைத்துக்கொண்ட பெண்களும் பலர். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு வீரனுக்கும் 1945 முதல் அரசே கோட்டு, சட்டை, கழுத்துப்பட்டை, தொப்பி, காலணி எனப் புது உடுப்பு வழங்கியமையால் அவ்வீடுகளில் பூசல் பெரிதாக எழுந்திராது.

அரசு இதனோடு நிற்கவில்லை. 1942 இல் வந்த சிக்கன விதிகள், ஆடவர் முழுக்காற்சட்டையின் அடியில் துணியை வெளிப்புறமாக மடித்து வைப்பதைத் தடை செய்தன. பைகளுக்கும் பொத்தான்களுக்கும் எண்ணிக்கை வகுத்தன. இதில் ஆடவர் காட்டிய எதிர்ப்பு வேறெந்த விதிக்கும் காட்டப்பெறவில்லை எனலாம். தேவைக்குமேல் நீளமான காற்சட்டையை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்துத் தைத்துக்கொண்டனர் பலர். குண்டு விழும் நகரில் அசையாது நின்றவர்கள், காற்சட்டையின் இரண்டு அங்குல மடிப்புக்காகச் சட்டத்தை ஏய்த்தது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கைக் கூப்பன் என்பது பெருமைக்குரிய ஏற்பாடே. கோமகனுக்கும் கொத்தனுக்கும் 66 தான். ஆனால் கூப்பன் சமமாயிருந்ததே அன்றி அலமாரி சமமாக இல்லை. கோமகன் வீட்டில் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கம்பளி உடுப்புகள் தொங்கின. முதல்தரத் துணி, தேர்ந்த தையற்காரர் கைபட்டது, பிரித்தால் எத்தனை முறையும் புதிதாகும். இலண்டன் கிழக்குப் பகுதிக் கூலியாளிடம் வேலைக்கு ஒன்றும் ஞாயிற்றுக்கு ஒன்றும் இருந்தன. அவையும் மட்டத் துணி. போர் தொடங்குமுன்னரே அவன் மனைவி ஒட்டுப்போட்டு ஓய்ந்தவள். அவளுக்கு அரசின் நூல் கற்பிக்க ஒன்றும் இல்லை. வெட்டுவதற்கு அவளிடமும் ஒன்றும் இல்லை. மேலும், பகலெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு இரவில் கோட்டைப் புரட்டித் தைக்கச் சொன்னால் அந்த உழைப்பை எந்தக் கூப்பனில் எழுதுவது? பெண்கள் தொண்டர் படையினர் குழந்தை உடைகளுக்கென மாற்றுநிலையங்கள் நடத்தினர். வளர்ந்த குழந்தையின் உடையைக் கொடுத்து அடுத்த அளவை எடுத்துச் செல்லலாம். துணி இல்லாத வீட்டுக்கு உண்மையில் உதவியது இதுதான் என்று கூறத் தோன்றுகிறது.

இங்கிலாந்துப் பெண்களின் உள்ளாடைக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் இருந்த தொடர்பு அப்போதுதான் வெளிப்பட்டது. 1942 பெப்ருவரி 15 இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. உலக ரப்பரில் பெரும் பங்கு பிரிட்டனின் கைவிட்டுப் போயிற்று. இடுப்பில் நெகிழ்ந்து பற்றும் ரப்பர் நாடா அரும்பொருள் ஆயிற்று. பெண்களின் உள்ளாடை போன்ற இன்றியமையா இடங்களுக்கு மட்டுமே அதனை அரசு அனுமதித்தது. பிறவற்றுக்குப் பொத்தானும் முடிகயிறும் மீண்டும் வந்தன. பழைய ஆடையிலிருந்து ரப்பர் நாடாவை உருவிக் காப்பாற்றி வைப்பதும் இல்லறக் கடமைகளுள் ஒன்றாயிற்று. அந்த நாடாவுக்குப் பால் கொடுத்த மரங்களின் அடியில் வாழ்ந்த மக்கள் அதே ஆண்டுகளில் எதை உடுத்தினர் என்பதை இனி நோக்கலாம்.

மலாயா தனக்கு வேண்டிய துணியைத் தானே நெய்துகொண்ட நாடு அன்று. திரங்கானு, கிளந்தான் தறிகளில் அழகிய துணி நெய்யப்பட்டது உண்மையே. ஆனால் அன்றாட உடைக்கு வேண்டிய துணி கப்பலில் வந்தது. 1930களில் சப்பானியத் துணி மிக மலிவாக வந்து குவிந்தது. லங்காசயர் ஆலைகளைக் காக்க 1934 இல் காலனி அரசு அயல்நாட்டுத் துணிக்கு அளவு விதித்தபோது, அதன் சுமை மலிவுத் துணியை நம்பிய கூலி மக்கள் தலையில் விழுந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தீபாவளிக்கு ஒரு புதுத்துணி, பழையது வேலைக்கு. லயத்து வீட்டின் தகரப் பெட்டியில் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் தமிழ்ப் பெண்ணின் கையில் இங்கிலாந்துப் பெண்ணுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. அவள் உடுத்தியது தைக்கப்படாத துணி. கோட்டைப் பிரித்தால் கைக்கொரு துண்டு, தோளுக்கொரு துண்டாகக் கோணல்மாணலாகக் கிடைக்கும். புடவையோ அவிழ்த்தாலே முழுத் துணி. அதில் தேய்வது இடுப்பில் செருகும் பகுதியும் குதிகாலில் உரசும் கரையுமே. அவற்றை நீக்கினால் மகளுக்குப் பாவாடையும் தாவணியும் கிடைக்கும். பாவாடையின் அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடுவர். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் சாயம் மங்காது கோடிட்டிருக்கும்; பெண் எத்தனை ஆண்டு வளர்ந்தாள் என்பதை அக்கோடுகளைக் கொண்டே எண்ணிவிடலாம். பாவாடைக்கு உதவாத புடவை ஏணை ஆகும். ஏணைக்கும் உதவாதது பாய்மேல் விரிப்பு. பின்னர் அடுப்படியில் பிடிதுணி. வேட்டியின் கடைசிப் பிறவி விளக்குத் திரி. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவதும் நைந்த வேட்டித் துணியில்தான். அது வறுமையால் வந்த வழக்கம் மட்டும் அன்று. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு இல்லை.

தோட்ட வாழ்வு இந்த வரிசையில் ஓர் இடையூறு செய்தது. மரம் வெட்டும்போதும் வாளி சுமக்கும்போதும் துணியில் தெறிக்கும் பால் உலர்ந்தால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. கறுத்து, ரப்பராகவே இறுகிவிடும். வேலைக்கு உடுத்தியது பிறகு வேறெதற்கும் ஆகாது. ஆகவேதான் பெண்கள் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்குமேல் அணிந்து, தலையிலும் துணி சுற்றிக்கொண்டு மரத்துக்குப் போயினர். ஊசி தொடாமலே ஆண் உடை பெண் உடையாகிய விந்தை அது. கொசுவும் முள்ளும் பாலும் அந்தச் சட்டைமேற் படும். புடவை மகளுக்காகத் தப்பும்.

சப்பானியர் ஆட்சியில் இந்த ஏணி முறிந்தது. கப்பல் வரவில்லை. துணியைக் கொடுக்கவேண்டிய சப்பானுக்கே துணி இல்லை. அமெரிக்கப் பஞ்சும் இந்தியப் பஞ்சும் நின்றுபோக, அங்கு 1942 பெப்ருவரியிலேயே உடைப் பங்கீடு வந்துவிட்டது. நூற்பு ஆலைகளின் கதிர்கள் பழைய இரும்புக்காக உருக்கப்பட்டன. சப்பானியப் பெண்கள் தங்கள் கிமோனோக்களைப் பிரித்து, 'மொம்பே' எனப்படும் காற்சட்டைகளாகத் தைத்து அணிந்தனர். கிமோனோவும் குறுகிய நேர்த்துணிகளை இணைத்துத் தைப்பதே. கழுவும்போது பிரித்துப் பின் தைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆகையால் அந்த மாற்றம் எளிதாயிற்று. வென்ற நாடே இவ்வாறு பழந்துணியில் வாழ்ந்தது என்றால் அதன் காலடியில் கிடந்த நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் துணிக்குப் பங்கீடு என்று பெயருக்கு ஒன்று இருந்தது. கிடைத்தது மிகச் சிறிது. வாழைமரம் அச்சிட்ட நோட்டின் மதிப்புச் சரியச் சரியக் கள்ளச் சந்தை விலை ஏறிற்று. நகரத்து வீடுகளில் சன்னல் திரை சட்டையாயிற்று. மேசை விரிப்பு கவுனாயிற்று. தைக்க நூல் வேண்டுமே! நைந்த துணியிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி முறுக்கினர். அன்னாசி இலை நாரிலிருந்து நூலும் துணியும் செய்ய முயன்றனர். ஊசி ஒன்று ஒடிந்தால் ஒரு வீட்டின் தையலே நின்றுவிடும். இன்னொரு செய்தியும் உண்டு. துணி அரிதானபடியால் நல்ல புடவை பணத்தைவிட உறுதியான நாணயமாயிற்று. வசதியாக இருந்தவர்கள் பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாக அரிசிக்கும் மரவள்ளிக்கும் கொடுத்தனர். இங்கிலாந்தில் பழந்துணி உடையாக மாறிற்று. இங்கே உணவாக மாறிற்று.

கடைசியாக எஞ்சியது சாக்கு. சாக்கில் இரண்டு வகை. ஆஸ்திரேலியக் கோதுமை மாவு வந்த வெள்ளைப் பருத்திப் பை ஒரு வகை. எழுத்து மை போகக் கசக்கினால் அதில் சட்டை தைக்கலாம், உள்ளாடை தைக்கலாம், உடம்பு ஏற்கும். அமெரிக்க நாட்டுப்புறங்களில் இந்தப் பைத்துணியில் உடை தைப்பது பெருவழக்காயிருந்தது. 1920களிலிருந்து மாவு, தீவன வணிகர்கள் பெண்களின் மனம் கவரப் பூப்போட்ட துணியிலேயே பை தைத்து விற்றனர். மலாயாவில் மாவு வருவதே நின்றபின் அந்தப் பை எத்தனை நாளைக்கு? மற்றொரு வகை, வங்காளச் சணலில் நெய்த அரிசிக் கோணி. அது எளிதில் மென்மையாகாது. தோலை அராவும், மழையில் நனைந்தால் கனக்கும், தையல் ஓரத்தில் பூச்சி அடையும். அடிப்பக்கத்தில் தலைக்கு ஓர் ஓட்டை, பக்கங்களில் கைக்கு இரண்டு ஓட்டை, அதுவே ஆடை. பெண்கள் அதனை இடுப்பில் சுற்றினர். இதனைப் பழம்பொருளைப் புதுக்கும் கலை என்று எவரேனும் அழைத்தால் அது சொல்லுக்குச் செய்யும் கொடுமை. ஈராயிரம் ஆண்டுக்குமுன் பொருநன் உடுத்திருந்த கந்தலாவது துணியாக இருந்தது.

சயாம் மரண ரயில்பாதையில் இது எல்லை கடந்தது. 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். உடுத்திய துணியோடு சென்றவர்கள் அவர்கள். மழைக்காட்டில் ஒரு பருவத்துக்குள் அது மக்கிப்போயிற்று. பின்னர்க் கோணியும் கோவணமுமே. அங்கிருந்த வெள்ளைக்காரக் கைதிகளும் கோவணத்தில்தான் நின்றனர். இறந்தவனின் துணியை உயிரோடிருப்பவன் எடுத்து உடுத்த வேண்டியிருந்தது. வாந்திபேதி பரவிய முகாம்களில் அதுவும் நஞ்சு.

அதே காலத்தில், சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள் வேறொரு வகையில் துணியைப் பயன்படுத்தினர். 1942 இல் கனடா நாட்டு எதல் முல்வானி என்னும் பெண்மணியின் ஏற்பாட்டில் மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் பூத்தையலும் பெயரும். மற்றொரு முகாமில் இருந்த கணவன்மாருக்கு 'உயிரோடிருக்கிறேன்' என்று தெரிவிக்கக் கடிதப் போக்குவரத்து இல்லாத நிலையில் ஊசி அஞ்சல் ஆயிற்று. சிறையிலிருந்த சாரணச் சிறுமியர் சிலர் தங்கள் பழைய கவுன்களின் துணுக்குகளை அறுகோணங்களாக வெட்டி இணைத்துத் தங்கள் தலைவி எலிசபெத் என்னிசுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தந்த விரிப்பு இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற மூன்றில் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குச் சென்றன. கோணி உடுத்திய தமிழரின் ஆடை அவ்வாறு பேணப்படும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஒன்றைப் பேணி வைக்க வேண்டுமாயின் முதலில் அதனைக் களைந்துவிட்டு மாற்றுடை உடுத்த இயல வேண்டும்.

சணல் வந்த வங்காளத்தின் கதையையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பழம்புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டத்தையலிட்டுப் போர்வை செய்யும் 'காந்தா' என்னும் கலை அந்நாட்டுப் பெண்களுக்கு உரியது. தமிழில் வழங்கும் கந்தை என்ற சொல்லோடு அது நெருங்கி ஒலிப்பதைக் காணலாம். பழந்துணியைப் புதுக்குவதில் உலகுக்கே பாடம் சொல்லத்தக்க மக்கள் அவர்கள். 1943 இல் அங்கு வந்த பெரும் பஞ்சத்தைத் தொடர்ந்து துணிப் பஞ்சமும் வந்தது. ஆலைத்துணி படைக்குப் போயிற்று. எஞ்சியது பதுக்கலுக்குப் போயிற்று. உடுக்கத் துணியின்றிப் பெண்கள் வீட்டைவிட்டு வெளிவர இயலாத நிலை ஏற்பட்டது. கலை கையில் இருந்தது. அடுக்குவதற்குப் புடவைதான் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிசார் மலாயாவுக்குத் திரும்பினர். அரிசியும் துணியுமே மக்கள் முதலில் கேட்டவை. மூன்றரை ஆண்டு பெரும்பாலும் வெட்டப்படாது ஓய்ந்திருந்த ரப்பர் மரங்கள் நன்றாகவே பால் தந்தன. அந்த ரப்பர் அமெரிக்காவுக்குச் சென்று பிரிட்டனுக்கு டாலர் ஈட்டிக்கொடுத்தது. கடனில் மூழ்கியிருந்த பிரிட்டன் தன் ஆலைத்துணியையும் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. ஆகவே போர் முடிந்து மூன்றாண்டு கழிந்தும் அந்நாட்டுப் பெண்கள் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டேயிருந்தனர். படைக்கு மிகையான பாராசூட்டுத் துணி நீண்ட முக்கோணத் துண்டுகளாகக் கடைக்கு வந்தபோது, அதில் மணப்பெண் ஆடையும் உள்ளாடையும் தைத்தனர்; முக்கோணத்தில் கை வெட்டுவதும் உடல் வெட்டுவதும் பெரும் கணக்கு. 1947 இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கெனப் பொதுமக்கள் பலர் தங்கள் கூப்பன்களை அனுப்பினர். ஒருவர் கூப்பனை மற்றவர் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறு என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. 1949 மார்ச்சு 15 இல், ஹெரால்டு வில்சன் வாணிப அமைச்சராக இருந்தபோது, துணிப் பங்கீடு நீங்கியது. போர்க்காலச் சிக்கனத் துணிக்கென 1941 இல் வந்த 'சி.சி. 41' என்னும் முத்திரை மட்டும் 1952 வரை உடைகளின் கழுத்தில் தொடர்ந்து இருந்தது.